செய்தவன் இல்லாத வாக்கியம்

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதப் போகிறவனுக்கு முதலில் சொல்லப்படுவது, 'நான்' என்று எழுதாதே என்பது. அப்புறம் 'டோன்ட்' கூடாது, 'டு நாட்' என்று விரித்து எழுது. 'ஃபைண்ட் அவுட்' பேச்சு வழக்கு, 'இன்வெஸ்டிகேட்' போடு. இதெல்லாம் பழகிக்கலாம். ஊருக்குள்ள ஒரு பேச்சு, சேரியில ஒரு பேச்சுன்னு பேசி வளர்ந்தவங்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

சிக்கல் செயப்பாட்டுவினையில்தான் வந்தது. எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளை பற்றி ஓர் அத்தியாயம். நான் எழுதியது இது: கடைக்காரர் எங்களுக்குத் தனிக் குவளையில் ஊற்றினார், குடித்துவிட்டு நாங்களே கழுவி வைத்தோம். நெறியாளர் திருத்தித் தந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், 'தனிக் குவளைகள் பயன்படுத்தப்பட்டமை கவனிக்கப்பட்டது'. யாரு ஊத்துனது? யாரு கழுவுனது? யாரு கவனிச்சது? மூணு பேரையும் காணோம். குவளை தானா நடந்து போய்த் தனியா உட்கார்ந்துக்கிச்சு போல.

"இது உங்க கதை இல்ல தம்பி, ஆய்வு. நடுநிலை வேணும்" என்றார்.

"சார், நான் அவரத் திட்டல. ஊத்துனாருன்னுதான் எழுதியிருக்கேன்" என்றேன்.

செயப்பாட்டுவினையே கூடாது என்பதில்லை. சோதனைக்கூடத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது என்றால் போதும். அடுப்பை யாரு பத்தவச்சா என்ன? சாதி அப்படி இல்லை. செய்கிற ஆள் இல்லாமல் அது ஒரு நாளும் நடந்ததில்லை. அதே அத்தியாயத்தில் எங்க அம்மா 'தகவலாளி' ஆனாள். பெயரை மறைப்பது நியாயம், அந்த ஊரிலேயே குடியிருக்கிறவள். ஆனால் அவள் 'நாங்க' என்று சொன்னதையெல்லாம் 'அவர்கள்' ஆக்கினார்களே, அது எதை மறைக்க?

இந்த நடை ஒன்றும் கல்லில் வெட்டியதில்லை. நியூட்டன் 1672இல் ஒளியைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதியது 'நான்' போட்டுத்தான். அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடு, 2019இல் வந்த ஏழாம் பதிப்பு, ஆய்வாளர் தான் செய்ததைத் தன்மையில் எழுதலாம் என்கிறது. 1916இல் கொலம்பியாவில் மானிடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை எடுத்துப் பாருங்கள். அகமணம், புறமணம் என்று துறைச்சொல் அத்தனையும் இருக்கிறது, 'நான்' என்பதும் இருக்கிறது. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போதோ இந்துக்களை நேருக்கு நேராக 'நீங்கள்' என்றே கூப்பிடுகிறார். அதில் தரவு குறைந்துபோனதா, தர்க்கம் குறைந்துபோனதா?

இதையெல்லாம் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். ஒரு மாதம் இழுபறி. கடைசியில் 'கடைக்காரர் ஊற்றினார்' நின்றது. 'நாங்கள்' நிற்கவில்லை. பட்டம் வந்துவிட்டது, இப்போது அதைப் புத்தகமாக்க மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வேலையாக 'அவர்கள்' ஒவ்வொன்றாக 'நாங்கள்' ஆகிக்கொண்டு வருகிறது.