கொட்டகையா? கைப்பேசியா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சிறு முதலீட்டில் எடுத்த ஒரு பாட்டுப்படம் முதலில் சென்று சேர வேண்டிய இடம் எது? ஊர் கூடும் திரையரங்கா? அல்லது, வேண்டியவர் வேண்டியபோது கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தே பார்க்கும் இணையவழியா? சென்ற பருவத்தில் நம் நுண்கலை மன்றச் சொற்போரில் இத்தலைப்பு எழுந்தபோது, "படமெடுப்பவன் கவலை நமக்கெதற்கு?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். என்னால் நகைக்க இயலவில்லை. என் தந்தையார் பதினெட்டு ஆண்டுகள் ஒரு திரையரங்கின் வாயிலில் நின்று சீட்டுக் கிழித்தவர். பீடி சுற்றும் என் தாயாரோ, திருமணத்திற்குப்பின் அந்த அரங்கினுள் நுழைந்தது நான்கைந்து முறைதான். ஆகவே இது எங்கள் வீட்டுக் கேள்வியும் ஆகும்.

அயல்நாட்டுச் சான்றுகள் இரண்டை முதலில் காண்போம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரத் தெருக்களில் ஜான் கார்னி எடுத்த படம் 'ஒன்ஸ்'. தெருவில் கிட்டார் மீட்டிப் பாடும் ஒருவனும், பூ விற்கும் செக் நாட்டுப் பெண்ணொருத்தியும் சேர்ந்து பாட்டுக் கட்டுவதே கதை. படப்பிடிப்பு நடந்த நாட்கள் 17. செலவு ஏறத்தாழ 1,12,000 யூரோ. அதில் பெரும்பகுதி அந்நாட்டுத் திரைப்பட வாரியம் தந்தது. நடித்த கிளென் ஹான்சார்டும் மார்கெட்டா இர்க்லோவாவும் இசையையே வாழ்வாகக் கொண்டவர்கள். 2007 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. மே மாதம் அமெரிக்காவில் மிகச்சில அரங்குகளில் மட்டும் வெளியிட்டார்கள். பார்த்தவர் பாடினார், கேட்டவர் பார்க்கப் போனார். படம் ஏறத்தாழ 150 அரங்குகள் வரை பரவி, அந்நாட்டில் மட்டும் 90 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. 2008-இல் அதன் பாடலொன்று ஆஸ்கார் விருது பெற்றபோது இர்க்லோவாவுக்கு வயது பத்தொன்பது. ஏறத்தாழ நம் வயதினர்!

மற்றொன்று 'தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்'. ஜேசன் ராபர்ட் பிரவுனின் மேடை இசைநாடகத்தை ரிச்சர்ட் லாக்ரவனீஸ் படமாக்கினார். ஏறக்குறைய முழுவதும் பாட்டுத்தான். கணவனின் கதை தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கியும், மனைவியின் கதை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கியும் செல்லும். 2015 பிப்ரவரி 13 அன்று சில அரங்குகளிலும் வீட்டுத் திரைகளிலும் ஒரே நாளில் வெளியானது. அமெரிக்க அரங்குகளில் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர் மட்டுமே.

இதைக் கொண்டு "கொட்டகையே வென்றது" என முடிவு கட்டிவிடலாமா? கூடாது. வீட்டிலிருந்து செலுத்திய கட்டணம் அரங்கக் கணக்கில் சேராது. மேலும், அந்நாடகத்தின் பாடல்களை இசைத்தட்டில் கேட்டு மனத்தில் பதித்த அன்பர்கள் முன்பே பல ஊர்களில் இருந்தார்கள். ஊருக்குப் பத்துப் பேருக்காக அரங்கெடுத்தால் கட்டுபடியாகுமா? அவர்களுக்கு வீட்டு வழியே பொருந்தும். 'ஒன்ஸ்' படத்தின் பாடல்களோ பெரும்பாலோர் காதுக்குப் புதியவை. அவை வாய்விட்டு வாய் பரவ நாளும் வேண்டும், ஆளும் வேண்டும்.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1980-இல் புதுமுகங்களைக் கொண்டு மயிலாடுதுறைக் கல்லூரி ஒன்றில் எடுக்கப்பட்ட 'ஒரு தலை ராகம்', டி. ராஜேந்தரின் பாடல்கள் ஊர் ஊராய்ப் பரவ, வெள்ளிவிழாக் கண்டது. முதல் வாரமே தூக்கியிருந்தால் அது நடந்திருக்குமா?

ஆனால் இன்று சிறு படத்திற்கு யார் வாரக்கணக்கில் அரங்கு தருகிறார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வந்தால் இது காலைக் காட்சிக்குத் தள்ளப்படும். விளம்பரச் செலவு வேறு. டிஜிட்டல் முறையில் படத்தைத் திரையிடவும் தயாரிப்பாளர் கட்டணம் கட்டவேண்டும். அக்கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தமிழ்த் திரையுலகம் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தியது. இணைய நிறுவனம் படத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டால் கடன் அடையும், உறக்கம் வரும். 2020-இல் 'பொன்மகள் வந்தாள்' நேராக இணையத்தில் வெளியாகும் என்று தெரிந்தபோது அரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இருவர் பக்கமும் வயிறு உண்டு.

என் தந்தையார் சொல்வார்: "படம் விட்டு வர்றவன் மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்ல. பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வந்தான்னா அம்பது நாளு." அந்த அரங்கு 2014-இல் மூடப்பட்டுக் கல்யாண மண்டபம் ஆயிற்று. அதே கட்டடத்தில் இன்று அவர் இரவுக் காவலர். கொட்டகை போனால் போவது திரை மட்டுமன்று. சீட்டுக் கிழிப்பவர், முறுக்கு விற்பவர், சைக்கிள் நிறுத்தம் காப்பவர் என்று பல வீட்டு அடுப்பும் போகும்.

ஆயினும், சென்ற விடுமுறையில் 'ஒன்ஸ்' படத்தை என் கைப்பேசியில் தாயாருக்குக் காட்டினேன். பீடித் தட்டு மடியில். கைப்பேசி செம்பின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலம் அறியாதவர், நான் இடையிடையே கதை சொன்னேன். சொந்தமாகப் பியானோ இல்லாத அந்தப் பெண் கடையில் போய் வாசிக்கும் காட்சியில் சுற்றும் கை நின்றது. முடிவில், "ஏல, அந்தப் பொட்டிய அவளுக்கே வாங்கிக் குடுத்துட்டானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லாருக்கட்டும்" என்றார். தந்தையார் திரையைப் பார்க்கவில்லை. "சின்னதா இருக்குல" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். பாட்டை மட்டும் கடைசிவரை கேட்டார்.

டப்ளினில் பிறந்த படம் கொட்டகையை மட்டுமே நம்பியிருந்தால் என் தாயாரிடம் வந்திருக்குமா? கொட்டகையில் ஓடாமலே இருந்திருந்தால் அதன் பெயர்தான் எனக்குத் தெரிந்திருக்குமா?

எனவே என் முடிவு இது. பாட்டு புதியதாயின், நான்கு ஊர்களில் சிறு அரங்குகள் எடுத்து, ஒரு மாதமேனும் பொறுத்து ஓட்டுக. பின்னர் தாமதமின்றி வீடுகளுக்குத் தருக. பாட்டை முன்பே அறிந்தவர்கள் பல ஊர்களில் சிதறியிருப்பின், முதல்நாளே அவரவர் வீட்டுக்கு அனுப்புக. அந்த ஒரு மாதத்தை அரங்க உரிமையாளர்கள் சிறு படங்களுக்கு மனமுவந்து தரவேண்டும். தந்தால் கொட்டகையும் பிழைக்கும்.

நண்பர்களே, நம்மில் ஒருவர் நாளை ஒரு பாட்டுப்படம் எடுக்கக்கூடும். அன்று செலவுக் கணக்கைப் பார்க்குமுன், இப்பாட்டை இதுவரை கேட்டவர் யார், கேளாதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். எந்த வாயிலை முதலில் திறப்பது என்பது அதிலேயே விளங்கும்.