ஏரோபிளேன் ஆயிலும் என் மச்சானின் வண்டியும்

கடந்த இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘விமானத்துக்கு ஊற்றும் எரிபொருள் மலிவாகக் கிடைக்கிறது. டிராக்டருக்கும் மினி லாரிக்கும் ஊற்றலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘கூடாது’ என்று பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால், ‘கூடாது’ என்று ஒரு வார்த்தையில் சொன்னால் கேட்கிற ஆள் நான் இல்லை. என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். 2023-ம் வருஷம் இதே கேள்வியை என் மச்சான் என்னிடம் கேட்டார். ‘தாராளமா ஊத்தலாம்’ என்று சொன்னவன் நான். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஒலக்கூர் பக்கம். நாலு ஏக்கரில் மணிலா, உளுந்து, தை மாசத்துக்கு மேல் தர்பூசணி. திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் தர்பூசணி போடாத ஊர் குறைவு. காய் அறுப்பு வந்துவிட்டால் மினி லாரிக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரி ஏற்றி, விடிவதற்குள் கோயம்பேட்டில் இறக்க வேண்டும். என் மனைவியின் தம்பி, கடனில் ஒரு புது மினி லாரி எடுத்து இந்த வாடகைதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் ஆயில் இன்ஜின்

எனக்கு இன்ஜின் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. காரணம், எங்கள் அப்பா வைத்திருந்த 5 ஹெச்.பி ஆயில் இன்ஜின். கரன்ட் சர்வீஸ் கிடைப்பதற்கு முன்னால், எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்தது அதுதான். நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். ‘டுக்கு... டுக்கு...’ என்று அது ஓடுகிற சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும். டீசல் தீர்ந்துபோனால் ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றுவோம். விளக்கெரிக்கக் கொடுத்த நீல மண்ணெண்ணெயை இன்ஜினில் ஊற்றியது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இன்ஜின் ஒருநாளும் நின்றதில்லை.

அந்த ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் கழித்து ஒரு புது வண்டிக்கு யோசனை சொன்னேன்.

நெடுஞ்சாலையில் ஒருவர் கேனில் கொண்டுவந்து விற்றார். ‘ஏரோபிளேன் ஆயில்’ என்றார். டீசல் லிட்டர் 95 ரூபாய் விற்ற நேரத்தில் 80 ரூபாய்க்குக் கொடுத்தார். தண்ணீர் மாதிரி பளிங்காக இருந்தது. ‘அமெரிக்கா பட்டாளமே லாரியில இதைத்தான் ஊத்துறான்’ என்றும் சொன்னார். மச்சான் என்னைப் பார்த்து, “மாமா, உங்களுக்குத்தான் தெரியும். ஊத்தலாமா?” என்றார். முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை. “மண்ணெண்ணெய் ஜாதிதான். பாதிக்குப் பாதி டீசல் கலந்து ஊத்து, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஒரு மாசத்தில் 35 லிட்டர் கேன் ஆறு வாங்கினார். மொத்தம் 210 லிட்டர். லிட்டருக்கு 15 ரூபாய் வீதம் 3,150 ரூபாய் மிச்சம்.

வண்டி சில அறிகுறிகளைக் காட்டத்தான் செய்தது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தது. சூடான பிறகு நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இழுத்தது. “புது வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று அதற்கும் நானே சமாதானம் சொன்னேன்.

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி, பக்கத்துக் கொல்லைக்காரரின் காய் மூணு டன் ஏற்றிக்கொண்டு போனார். செங்கல்பட்டு தாண்டி, பரனூர் டோல்கேட்டுக்கு அப்பால் வண்டி இழுவை குறைந்து, குலுங்கி, அணைந்தது. அதற்குமேல் ஸ்டார்ட் ஆகவில்லை. விடிந்து, வெயில் ஏறி, மார்க்கெட் முடிந்துபோனது. காயை வேறு வண்டிக்கு மாற்றி, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டோரத்தில் கிலோ 5 ரூபாய்க்குத் தள்ளினோம். கோயம்பேட்டில் 11 ரூபாய் போயிருக்கும்.

ஃபில்டரில் மின்னிய தூள்

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, பம்பு வேலை பார்க்கிற மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினார். வெயிலில் ஜிகினா மாதிரி மின்னியது. “இதெல்லாம் உங்க பம்போட இரும்புங்க” என்றார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விமான எரிபொருளில் இரண்டு வகை உண்டு. சின்ன பிஸ்டன் விமானங்களுக்கு ஊற்றுவது பெட்ரோல் வகை. அது டீசல் இன்ஜினுக்குத் துளியும் ஆகாது. சட்டென்று தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பெரிய ஜெட் விமானங்களுக்கு ஊற்றுவது ஏ.டி.எஃப். இது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. 35,000 அடி உயரத்துக் கடுங்குளிரிலும் உறையாமல் ஓட வேண்டும் என்பதால், மைனஸ் 47 டிகிரி வரைக்கும் உறையக் கூடாது என்று அதற்கு விதி இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு நீர்த்து இருக்கிறது.

டீசல் வேலை வேறு. டீசல் எரிபொருள் மட்டும் இல்லை. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுவே மசகு எண்ணெய். விரலில் மணிலா எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அடுத்து மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. இரும்பும் இரும்பும் நேராக உரசும்.

அப்படியானால் அப்பாவின் இன்ஜின் ஏன் தாங்கியது? அது மெதுவாக ஓடிய இன்ஜின். அதன் நாசில் நூறு, இருநூறு பார் அழுத்தத்தில் பீய்ச்சியது. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் 1,600 பார், அதற்கு மேலும் போகும். டிராக்டர் பின் டயரில் இருக்கிற காற்றே ஒரு பார் சொச்சம்தான் என்றால், 1,600 எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் வழவழப்பு இல்லாமல் ஓடினால் பம்பு தேயும். தேய்ந்த தூள் இன்ஜெக்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். ஒன்று போனால் எல்லாம் போகும்.

இன்னொரு விஷயம் கந்தகம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கிற பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது. விமான எரிபொருளில் 3,000 பி.பி.எம் வரை இருக்கலாம். புது வண்டியின் புகைக்குழாயில் இருக்கிற சுத்திகரிப்புக் கருவிகளுக்குக் கந்தகம் விஷம் மாதிரி. டீசல் நேரத்துக்குத் தானாகப் பற்றிக்கொள்ளும் திறனைக் காட்டுகிற சீட்டேன் எண்ணுக்கும் விமான எரிபொருளில் விதி கிடையாது. ஜெட் இன்ஜினில் தீ அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதால் அதற்கு அது தேவையில்லை.

பட்டாளத்துக் கதை பாதி உண்மை

கேன் விற்றவர் சொன்ன பட்டாளக் கதை பொய் இல்லை. அமெரிக்காவும் அதன் கூட்டு நாடுகளும் 1980-களின் கடைசியில் இருந்து விமானத்துக்கும் லாரிக்கும் ஒரே எரிபொருள் என்ற ஏற்பாட்டுக்கு மாறினார்கள். அதன் பெயர் ஜேபி-8. அதில் வழவழப்புக்கான மருந்தை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கலக்கிறார்கள். 1990-91 வளைகுடாப் போரில், அந்த மருந்து கலக்காத சாதாரண ஜெட் எரிபொருளை வண்டிகளுக்கு ஊற்றியபோது, பாலைவனச் சூட்டில் ரோட்டரி வகைப் பம்புகள் பழுதாகி நின்றன. நம் ஊரில் சில டிராக்டர்களில் இருப்பதும் ரோட்டரி வகைப் பம்புதான். முழுக்க முழுக்க டீசலின் வழவழப்பை நம்பி ஓடுவது அது. பட்டாளத்துக்குப் பம்பு போனால் அரசாங்கம் மாற்றித் தரும். நமக்கு யார் தருவார்கள்?

‘ரெண்டு மூடி 2டி ஆயில் கலந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். அளந்து கலக்கிற மருந்தும் கைக்கணக்கில் ஊற்றுகிற ஆயிலும் ஒன்றாகாது.

யாழ்ப்பாணத்தில் 1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பழைய பெட்ரோல் கார்களைச் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லாதவர்கள் செய்தது அது. லிட்டருக்கு 15 ரூபாய் மிச்சத்துக்கு நான் சொன்ன யோசனையை அதோடு சேர்க்க முடியாது.

இது சட்டத்துக்கும் விரோதம். அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம் கலப்பட டீசல். இந்தத் தொழிலின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே, எண்ணெய் திருட்டைத் தடுக்கப் போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவானேவை உயிரோடு எரித்தார்கள். மலிவு கேனை வாங்குகிற கை, எங்கேயோ அப்படிப்பட்ட கையோடு சேர்கிறது.

கணக்கு

பம்பு, நாலு இன்ஜெக்டர், டேங்க் சுத்தம் எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபாய். எரிபொருள் கோளாறு என்பதால் வாரன்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டி இழுத்த செலவு 7,000. கொல்லைக்காரருக்குக் கொடுத்த நஷ்டம் 18,000. மொத்தம் 1,43,000. மிச்சம் பிடித்தது 3,150.

வண்டி இருபது நாள் நின்றது. சீசனே போனது. வண்டிக் கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. என் மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வருஷத்து மணிலா விற்ற காசில் 70,000 ரூபாயை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வாங்க மாட்டேன் என்றவரை என் மனைவிதான் வாங்க வைத்தாள்.

கேள்வி கேட்ட வாசகருக்கும், கேட்க நினைத்தவர்களுக்கும் சொல்ல நாலு விஷயம் இருக்கிறது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். ஓட்டிவிட்டீர்கள் என்றால், ஃபில்டரில் வடிகிற டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மின்னினால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பங்க்கில் சந்தேகம் வந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கான கருவி அங்கேயே இருக்கும். கேட்பது உங்கள் உரிமை. பதிவான அளவோடு ஒப்பிட்டால் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி குறையும்.

பில் இல்லாமல் டீசல் வாங்காதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த பழைய இன்ஜினை வைத்து, அடுத்தவர் புது வண்டிக்கு யோசனை சொல்லாதீர்கள். போன மாசமும் ஒருவர் என்னிடம் ஒரு கேனைக் காட்டி, “அண்ணே, நீங்க சொல்லுங்க” என்று கேட்டார். மச்சானின் போன் நம்பரைக் கொடுத்து, அவரிடம் கேட்கச் சொன்னேன்.