கொல்லிமலையில் ஓர் அன்புத் தகப்பன்



பிழைப்பின் நிமித்தம் மும்பையில் வாழும் எனக்கு, கடந்த கோடை விடுமுறையில் கொல்லிமலையைக் காணக் கர்த்தர் கிருபை செய்தார். ஊரில் பாட்டியிடம் வளரும் என் மகனையும் உடன் அழைத்துச் சென்றேன். சேந்தமங்கலத்தைக் கடந்து, காரவள்ளி அடிவாரத்திலிருந்து பேருந்து மலையேறியது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

இச்சாலை இல்லாத நாட்களில் இம்மலையில் ஏறியவர் மிஷனெரி ஜெசி பிராண்ட். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த அவர், 1913-இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிப் பிறர் தங்கத் தயங்கிய இவ்விடத்தில் குடும்பமாய்க் குடியேறினார். கட்டடப் பணி அறிந்த அவர் தம் வீட்டைத் தாமே அமைத்தார். நோயாளிகளின் காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாய் வெளியே எடுப்பார். குடிநீரை வடிகட்டிப் பருகினால் அந்நோய் அணுகாது என்றும் போதிப்பார். முதல் உலகப்போரின் முடிவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலின்போது, கஞ்சி காய்ச்சி வீடுவீடாய் எடுத்துச் சென்றனர் அத்தம்பதியர். அவர்களை எதிர்த்துவந்த பூசாரியே, மரணத் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்புவித்தார்.

இத்தனை பணிகளுக்கிடையிலும் அவர் நல்ல தகப்பனாய் இருந்தார். மகன் பாலையும் மகள் கோனியையும் நடைப்பயணமாய் அழைத்துச் செல்வார். கறையான் புற்றைக் கண்டால் நின்று, அதன் அதிசயத்தை விளக்குவார். 1923-இல் குடும்பமாய் இங்கிலாந்து சென்றவர்கள், கல்விக்காகப் பிள்ளைகளை லண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் பிரிவின் வேதனை நம்மில் அநேகருக்குப் புதிதல்ல!

ஆனால் அவர் மௌனமாயிருக்கவில்லை. மலையின் மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதினார். 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சலால் அவர் கர்த்தருடைய மகிமைக்குள் பிரவேசித்தார். மரணச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. கடிதங்களோ கப்பலில் மெதுவாகவே சென்றன. ஆகவே தகப்பன் மறைந்த பின்னும் அவருடைய அன்பின் வரிகள் மகனைத் தேடி வந்தன. அந்த மகனே பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

வாழவந்தியில் ஜெசி பிராண்டின் கல்லறை முன் நின்றோம். 1974 வரை மலைமக்களுக்காக உழைத்து, 95 வயதில் இளைப்பாறிய ஈவ்லின் அம்மையாரும் அருகிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். நான் கூறியவற்றைக் கேட்ட மகன், “அப்பா, அவர் மார்க் எவ்வளவு என்று கேட்டு எழுதமாட்டாரா?” என்றான். என் உள்ளம் குத்துண்டது. கைப்பேசியில் தினமும் பேசுகிறேன். மார்க்கும் கட்டணமும் தவிர நான் அவனிடம் பேசியது என்ன?

இறங்கும்போது வளைவுகளை இருவரும் சேர்ந்தே எண்ணினோம். வழியில் கண்ட மிளகுக்கொடி பலாமரத்தைப் பற்றி ஏறும் விதத்தை அவனுக்குக் காட்டினேன். மும்பை திரும்பிய முதல் வாரமே அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

பிரியமான தகப்பன்மாரே, நாம் அனுப்பும் பணம் பிள்ளைகளின் பசியை ஆற்றும். நம் அன்பின் வார்த்தைகளோ நமக்குப் பின்னும் அவர்களோடு நிலைத்திருக்கும். இன்றே ஒரு கடிதம் எழுதுவோமா? கர்த்தர் தாமே நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.