பின்பாரம்

டாலஸ்,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்பு அம்மிணிக்கு,

வாட்ஸ்அப்புல பேசி அனுப்பினா எங்க வூட்டுக்காரர் காதுல விழும். விஷயமே அவரைப் பத்தினது. அதனாலதான் காகிதத்துல எழுதறேன், படிச்சுட்டு உள்ளயே வச்சுக்கோ.

மனுசனுக்கு 52 வயசாச்சா? இந்த வயசுல சில பேருக்குச் சர்க்கரை வருது, சில பேருக்குப் பக்தி வருது. இவருக்கு 1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வந்திருக்கு. சின்ன வயசுல வால்பாறையில எஸ்டேட் டாக்டர் ஒருத்தர் வச்சிருந்ததை வேலியோரமா நின்னு பாத்தாராம். நாற்பது வருசமா மனசுக்குள்ள வச்சிருந்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை!

கார் கெடந்தது அமரில்லோவுல. இங்கேருந்து ஏறக்குறைய 360 மைல். சிநேகிதர்கிட்ட பிக்கப்பு இரவல், கடையில டிரெய்லர் வாடகை. போய்ச் சேர்ந்தா, வித்தவர் கத்திரிக்காயோட கறிவேப்பிலை குடுக்கிற மாதிரி ஒரு பழைய எஞ்சினையும் ஒரு பெட்டி உதிரிச் சாமானையும் கொசுறாக் குடுத்தார். இவருக்கு வாயெல்லாம் பல்லு. காரை மூக்கு முன்னாடி பாத்த மாதிரி ஏத்தி, கொசுறு எஞ்சினை டிரெய்லரோட வால்ல வச்சுக் கட்டினார். இறக்கறப்ப சுலபமா இருக்குமாம். “அதுக்குப் போய் வால்லயா?”ன்னேன். “உனக்கு என்ன தெரியும்?”னு ஒரு பார்வை. அந்தப் பார்வையை நீ என் கல்யாணத்துலயே பாத்திருக்கே.

இங்கதான் கூத்து. பீட்டிலுக்கு எஞ்சின் பின்னாடி. ஆக, அந்த எஞ்சினும் பின்னால, கொசுறு எஞ்சினும் பின்னால.

287-ம் நம்பர் ரோட்டுல கிளாரண்டன் தாண்டி வர்றோம். ரெண்டு பக்கமும் பருத்திக்காடு, நம்ம ஊரு ஞாபகம் வந்து நான் அசந்துட்டேன். வண்டி 70 மைல் வேகத்துல போகுது. ஒரு பெரிய லாரி எங்களை முந்திச்சு. அதோட காத்து முதல்ல எங்களைத் தள்ளுச்சு, பின்னாலயே உறிஞ்சுச்சு. டிரெய்லரோட வாலு லேசா ஆடுச்சு. இவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். திருப்பினது போய்ச் சேர்றதுக்குள்ள டிரெய்லர் அடுத்த பக்கம் போயிருந்துச்சு. இவர் திருப்பத் திருப்ப ஆட்டம் பெருசாகுது. முறத்துல அரிசி கொழிக்கிற மாதிரி எங்களைக் கொழிச்சுது. நான் போட்ட கத்தல்ல பயந்து காலை ஆக்ஸிலேட்டர்லேருந்து எடுத்துட்டார். அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. வேகம் 45-க்கு இறங்கினதும் ஆட்டம் தானா அடங்குச்சு.

சில்ட்ரஸ் ஊர்ல லாரிகள் நிக்கிற இடத்துல ஒதுங்கினோம். தொப்பி போட்ட ஒரு பெரியவர் டிரெய்லரை ஒருதரம் சுத்தி வந்து, “நாக்குல எவ்வளவு?”ன்னார். நான் என் வாய்த்துடுக்கைத்தான் சொல்றார்னு நெனச்சேன். டிரெய்லரோட முன் கம்பிக்கு இங்க நாக்குன்னுதான் பேராம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில நூத்துக்குப் பத்துலேருந்து பதினஞ்சு பங்கு அந்த நாக்கு வழியா பிக்கப்பு மேல உக்காரணும். குறைஞ்சா வாலு ஆடும். ரொம்ப ஏறினா பிக்கப்போட பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் ரோட்டைச் சரியாப் பிடிக்காது.

அம்மிணி, எங்க அப்பாரு பார வண்டி ஓட்டினது உனக்கு ஞாபகம் இருக்கா? பருத்தி மூட்டையை ஏத்தும்போது முன்பாரம் பின்பாரம் பாத்துத்தானே அடுக்குவார். பின்பாரமாச்சுன்னா நுகத்தடி மேல எழும்பி, பூட்டாங்கயிறு காளை கழுத்தை இறுக்கிடும். ரெண்டு மூட்டையை முன்னாடி நகத்தினா முடிஞ்சுது. அதேதான் இது! பின்பாரமான டிரெய்லர் பிக்கப்போட பின்பக்கத்தைத் தூக்கப் பாக்குது, பின் டயருக்குப் பிடிப்பு குறைஞ்சுருது. காளைன்னா உடனே தலையை ஆட்டிச் சொல்லிரும். பிக்கப்பு 70 மைல் வேகத்துலதான் சொல்லுச்சு.

அந்த இடத்துலயே லாரி எடை மேடை இருந்துச்சு. டிரெய்லரை மாட்டினபடி ஒருதரம், கழட்டிட்டு பிக்கப்பை மட்டும் ஒருதரம் ஏத்தணும். ரெண்டு தரமும் பிக்கப்போட சக்கரங்கள்ல விழுந்த எடையைக் கழிச்சா நாக்கு எடை வந்துரும். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து மொத்தம் 4,200 பவுண்டு, எங்க நாக்குல இருந்தது 160. குறைஞ்சது 420 வேணும்! இவர் எடைச் சீட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்தார்.

இவரும் பெரியவரும் சேர்ந்து கொசுறு எஞ்சினையும் பெட்டியையும் பிக்கப்போட தொட்டிக்கு மாத்தினாங்க. பீட்டிலை இறக்கித் திருப்பி, ரிவர்ஸ்ல ஏத்துனாங்க. இப்ப அதோட எஞ்சின் முன்பக்கம். மறுபடியும் எடை போட்டா 460. பெரியவர் டயர்ல காத்தும் பாத்தார், ரெண்டுல கம்மி. காத்து கம்மியான டயர் பக்கவாட்டுல நெளியும், அதுவும் ஆட்டத்துக்கு ஒத்தாசை பண்ணும். வீடு வரைக்கும் 55 தாண்டலை. லாரிங்க முந்தினப்பகூட வாலு அசையலை.

வந்ததும் இவர் ஆட்டத்தை அடக்கற ஒரு கம்பி வாங்கியாகணும்னு குதிக்கிறார். கெட்டது இல்லை, உரசிப் பிடிச்சு ஆட்டத்தைக் குறைக்கும்தான். ஆனா அது ஊறுகாய். முதல்ல சோறு வெந்திருக்கணும்.

இதை உன்கிட்ட இவ்வளவு நீட்டி முழக்கறதுக்குக் காரணம் உன் பையன். டென்வர்லேருந்து டாலஸுக்கு வீடு மாத்தறான், கேம்ரியை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு பிக்கப்புல வர்றான்னு எழுதியிருந்தே. அவன் ராட்டன் கணவாய் வழியாத்தான் இறங்குவான், 7,800 அடிக்கு மேல. இறக்கத்துல டிரெய்லர் பின்னாலேருந்து நெட்டும், ஆட்டம் அங்கதான் சீக்கிரம் பிடிக்கும். மேல ஏறினதும் வேகத்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். அப்புறம் அமரில்லோ, அப்புறம் இதே 287.

கேம்ரிக்கு எஞ்சின் முன்னாடி. அதனால மூக்கு முன்னாடி பாத்துத்தான் ஏத்தணும். எங்க கதையைக் கேட்டுட்டுத் திருப்பி ஏத்திடப் போறான்! வீட்டுச் சாமான் பெட்டியை டிரெய்லர் வால்லயோ கார் டிக்கியிலயோ அடைக்க வேண்டாம். ஆட ஆரம்பிச்சா ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுக்கணும், அவ்வளவுதான். பிக்கப்போட பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, வேகம் கூட்டித் தப்பிக்கவும் பாக்கக் கூடாது. டிரெய்லர் பிரேக்குக்குன்னு தனியா கைப்பிடி இருந்தா அதை மட்டும் மெதுவா அமுக்கலாம்.

கிளம்பறதுக்கு முந்தி எடை போட்டுட்டு அந்தச் சீட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அது வந்தாத்தான் நான் இங்க அரிசி ஊறப்போடுவேன்.

உன்,
அப்பாரு பேத்தி