எடுத்ததும் சேர்த்ததும்

கவிதையில் வேண்டாத சொல்லை எடு என்று பத்து வருஷமாக எழுதிவருகிறேன். எடுத்த பிறகு உள்ளே இருப்பவனை எது தாங்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் கலிஃபோர்னியாவில், பெரியம்மா மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அண்ணன் தன்னுடைய மாஸ்டா மியாட்டாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1990ஆம் வருஷத்து வண்டி. இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. கல்யாணமான புதிதில் பழையதாக வாங்கியது. அண்ணி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

வண்டி லெமன்ஸ் பந்தயத்துக்கு. பிரான்ஸில் 1923இல் தொடங்கிய லெ மான் 24 மணிப் பந்தயத்தைக் கேலி செய்து, 2006இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. லெமன் என்றால் அமெரிக்கப் பேச்சில் வாங்கியவனை ஏமாற்றிய வண்டி. விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டியதாக நடுவர்கள் நினைத்தால் கிளம்புமுன்பே சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு பகல் ஓட்டம். நாலைந்து பேர் மாறிமாறி ஓட்டுவார்கள். முதலில் வருவதைவிட, ஓடவே ஓடாது என்று எல்லோரும் நினைத்து எப்படியோ ஓடிவிடுகிற வண்டிக்குத்தான் அங்கே பெரிய மரியாதை. நம் சிறுபத்திரிகைகளைப்போல என்றேன். அண்ணன் சிரித்தார்.

முதல் வாரம் முழுவதும் கழித்தல். கம்பளம், கூரை, ஏர்கண்டிஷனர், ரேடியோ, கதவுகளின் உள்பக்கம். சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப்பட்டை மட்டும் அசையவில்லை. அதன்மேல் உலர் பனிக்கட்டியைப் பரப்பிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தியலால் தட்டினால், கண்ணாடிபோல உடைந்து வந்தது. கழற்றியதை விற்றால் அந்தப் பணத்தை வண்டி விலையில் கழித்துக்கொள்ளலாம். கணக்கு நோட்டு என் கையில். எனக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொன்றாக வெளியே வர வர வண்டி இறுகுகிறது, தன் சாரத்துக்கு வந்து சேர்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தேன். பக்கத்து இருக்கையின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றும்போதும் பேசினேன். அண்ணன் இருக்கையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.

"இதுக்கு எவ்வளவு போடலாம்?" என்று நோட்டைத் திறந்தேன்.

"அத எழுதாதடா" என்றார்.

இரண்டாம் வாரம் கூட்டல். எஃகுக் குழாயில் ஒரு கூண்டு: ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் முழு வளைவு, அதற்குக் குறுக்கே ஒரு குழாய், பின்னால் தாங்கு கால்கள், கதவுப் பக்கம் கம்பிகள். பற்றவைப்பதில் தேர்ந்த ஒருவரிடம் அந்த வேலையை விட்டார். பிறகு பந்தய இருக்கை, வார்ப்பட்டைகள், தீயணைப்பான், மின்சாரம் முழுவதையும் துண்டிக்கிற விசை. அண்ணன் தலைக்கவசத்தோடு உட்கார, கூண்டின் மேல் முன்னும் பின்னுமாக ஒரு துடைப்பக் கட்டையை வைத்துப் பார்த்தோம். தலை அதற்குக் கீழே அடங்க வேண்டும். அடங்கவில்லை. இருக்கையைத் தரையோடு இறக்கி மறுபடி பார்த்தோம்.

இவற்றின் செலவு 500 டாலரைப்போலப் பல மடங்கு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். எதிலும் வேண்டாம் என்றார். உயிரைக் காக்கச் செய்கிற செலவு அந்தக் கணக்கில் சேராது; பிரேக்கும் டயரும்கூடச் சேராது. எல்லாவற்றையும் கேலி செய்கிற பந்தயத்தில் கேலி செய்யப்படாதது இது ஒன்றுதான்.

நண்பர் ஒருவருடைய தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரை அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. தாயின் சாவு பற்றிய கவிதையில் கடைசி ஆறு வரிகள் மிகை என்று எழுதியிருந்தேன். மிகைதான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரிகள் அலங்காரமா, அந்த மனுஷன் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்ட கம்பிகளா என்று பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிட்டேன். அதன் பிறகு அவர் எதுவும் பிரசுரிக்கவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்வது என் விமர்சனத்துக்கு அதிக மதிப்புக் கொடுப்பதாகும். இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை.

மூன்றாம் வாரம், சுவரோரம் இருந்த இருக்கையில் உட்கார்ந்துதான் ஸ்பானர்களை எடுத்துக்கொடுத்தேன். அண்ணன் எழுந்திரு என்று சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகுதான் பந்தயம். இரண்டாம் நாள் மாலைக் கொடி விழும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்ததாக ஃபோனில் சொன்னார். அந்த மதிப்புரையை இப்போது மறுபடி எழுதுகிறேன். ஆறு வரிகளைப் பற்றிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.