எங்கள் வீட்டு வாயிற்காவலன்

சென்ற ஆண்டு மறைந்த எம் பாட்டியார் பாடிய தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும் நாற்பதுக்கு மேற்பட்டவை எங்கள் வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவுகளாக உள்ளன. யானோ விடுதியில் உறைபவன். நினைத்த இரவில் அக்குரலைக் கேட்டல் வேண்டுமென்னும் அவாவே ரௌட்டர் என்னும் சிறு பெட்டியின் இயல்பை ஆராயுமாறு என்னைத் தூண்டிற்று. தமிழ் பயில்வோனுக்கு இஃது எற்றுக்கென நண்பர் நகைத்தனர், நகைக்கட்டும்.

வீட்டினுள் கணினி, கைப்பேசி முதலியன பல இருப்பினும் இணையம் அறிவது ஒரே முகவரியைத்தான். ஐ.பி.வி.4 என்னும் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள. அவை உலகிற்குப் போதா எனக் கண்டோர், ஒரு முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் நாட் என்னும் முறையை 1994இல் வகுத்துரைத்தனர். எங்கள் கணினியின் எண் 192.168.1.5. அவ்வெண் எண்ணிறந்த இல்லங்களிலும் உண்டாதலின் புறத்தார்க்கு அதனாற் பயனில்லை.

உள்ளிருந்து ஒரு செய்தி புறப்படுங்கால், ரௌட்டர் அதன்மேல் தன் முகவரியைப் பொறித்து, இன்ன கருவி இன்ன போர்ட் வழியாக இன்னாரிடம் அனுப்பியது என ஓர் அட்டவணையிற் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி வருங்கால் அக்குறிப்பைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கின்றது. அழையாது வரும் செய்திக்கோ குறிப்பில்லை. யாரிடம் சேர்ப்பதென அறியாமையின் அதனை வீழ்த்திவிடுகின்றது. விடுதியினின்று யான் விடுத்த அழைப்பும் இவ்வாறே வீழ்ந்தது. சொந்த வீட்டு வாயிலில் யானே அயலானாய் நின்றேன்!

ஆகவே விடுமுறையில், ‘22ஆம் போர்ட்டிற்கு வருவதனைத்தையும் 192.168.1.5க்கு அனுப்புக’ என நிலையான ஆணையொன்றை ரௌட்டரில் எழுதினேன். இதுவே போர்ட் ஃபார்வர்டிங். புற முகவரி மாறினும் உடன் மாறும் பெயரொன்றையும் அமைத்தேன். வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்து, பயனில்லையென ஒரு பகல் முழுதும் வருந்தினேன். அகத்திருந்து தம் புற முகவரியை நாடுவாரைச் சில ரௌட்டர்கள் திருப்பிவிடுவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். கைப்பேசியின் மொபைல் டேட்டா வழிச் சென்றவுடன் கதவு திறந்தது. நல்லூழாக, எங்கட்கு இணையம் வழங்குவோர் தம்மிடத்தும் ஒரு நாட் வைத்திலர். வைத்திருப்பின் வீட்டில் எழுதும் ஆணை செல்லாது.

விடுதிக்கு மீண்ட பத்தாம் நாள் அழைப்பு மறுபடியும் வீழ்ந்தது. அம்மாவைத் தொலைபேசியில் வேண்டினேன். கண்ணாடியணிந்து, ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள்.

“தம்பி, உன் கணினிக்கு 11 என்றிருக்கிறது, 5 உன் தங்கையின் கைப்பேசிக்கல்லவா போயிருக்கிறது!”

மின்தடைக்குப்பின் ரௌட்டர் முகவரிகளை மாற்றி வழங்கியிருந்தது. என் ஆணையோ பழைய எண்ணையே பற்றி நின்றது. 11ஐக் கணினிக்கே நிலையாக ஒதுக்கி ஆணையையும் திருத்தச் சொன்னேன், பிழையின்றிச் செய்தார்கள்.

அதன்பின் கணினியின் பதிவேட்டைக் கண்டு நடுங்கினேன். ரூட், அட்மின் என்னும் பெயர்களால் யார் யாரோ இரவும் பகலும் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டியிருந்தனர். எனக்கெனத் திறந்த வாயில் உலகினர் யாவர்க்கும் தெரியும் வாயிலாயிற்று. அன்றே 22ஐ மூடுவித்தேன். அடுத்த விடுமுறையில் வயர்கார்ட் என்னும் மென்பொருளை அமைத்து, அதன் போர்ட்டை மட்டும் திறந்தேன். உரிய திறவுகோலின்றித் தட்டுவார்க்கு அது மறுமொழியே கூறாது.

நேற்றிரவு ஏழாம் பதிவைக் கேட்டேன். இரண்டாம் அடியில் பாட்டியார் இருமி நிறுத்தி, வெந்நீர் கேட்கின்றார்கள். அம்மா கொணரும் செம்பின் ஓசையும் அதிலே கேட்கின்றது.