தேடினால் கிடைக்காத மதுரை

மதுரைத் திட்டத்துக்கும் தல்லாகுளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெருமாள் கோயிலைச் சுற்றி எத்தனை தெரு அலைந்தாலும் அதன் போர்டு கண்ணில் படாது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்ற ஆரம்பித்த வேலை அது. முதலில் ஏறியது திருக்குறள்.

ஏற்றியாச்சு. ஆனால் தேடினால் வராது!

ஒரு பக்கம் தேடலில் வரவில்லை என்றால் முதலில் ரோபாட்ஸ் கோப்பு தடுக்கிறதா, அந்தப் பக்கத்துக்கு வேறெங்கிருந்தாவது சுட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே கோளாறு அதில் இல்லை. தேடுபொறி வந்தது, படித்தது, எடுத்தும் போனது. எடுத்துப் போனது தமிழே இல்லை என்பதுதான் விஷயம்.

1999 முதல் அந்த நூல்கள் திஸ்கி குறியீட்டில் இருந்தன. அதில் 'மதுரை' என்பது நாலு குறி: ம, து, பிறகு ஐகாரக் கொம்பு, கடைசியில் ர. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் அதுவே ஐந்து குறி. கொம்பு ரகரத்துக்குப் பின்னால்தான் வரும். எழுத்துருவை இறக்கி வைத்தவர் கண்ணுக்கு அது மதுரை. எந்திரத்துக்கோ தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் குவியல். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது, ஆனால் அதை ஒழுங்காகக் காட்டும் கணினி வீட்டுக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. ஆகவே தட்டச்சு செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

2004 முதல் நூல்கள் யூனிகோடுக்கும் வந்தன. அதற்கப்புறம்தான், எங்கோ படித்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர் அதைத் தட்டினால் நூலே வந்து நிற்கிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, குறி மட்டும்தான் மாறியது.

இந்த வியாதி இன்னும் முழுசாகப் போகவில்லை. தல்லாகுளத்தில் ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கோயில் மலரைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், அதில் 'மதுரை' இருக்கும் இடத்தில் கே, ஜே, ஐ, யு என்ற நாலு இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும். (கேஜேஐயு என்று எவர் மதுரையைத் தேடப் போகிறார்?) சோதிப்பது சுலபம். பிடிஎஃபில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் தப்பித்தீர்கள். வராவிட்டால் குறிமாற்றி ஒன்றைத் தேடிப் பிடித்து, மூலக் கோப்பு கடைக்காரரிடம் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.